மாப்பிள்ளைக் காரின் இடது முன்சில்லு

சக்கரத்தைச் சுழல வைக்கும் பழைய பெயாரிங் நல்லதா கெட்டதா என்பதைக் காதுதான் சொல்லும். ஒன்று வெள்ளி மோதிரம் போல மினுங்கிக்கொண்டு கிடக்கும். ஓடத் தொடங்கினால் ஊளையிடும். இன்னொன்று துருவேறி, கறள் பிடித்துக் கறுத்துப்போய்க் கிடக்கும். கழுவி எடுத்தால் சொன்னபடி கேட்கும். அதனால் கண்ணை நம்பக்கூடாது. மண்ணெண்ணெயில் கழுவி, நிழலில் வெள்ளைத் துணியில் காய வைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, உள் வளையத்தை விரலில் கொளுவிக்கொண்டு வெளி வளையத்தை மெல்லச் சுற்ற வேண்டும். காதுக்குக் கிட்டப் பிடித்தால் அது தன் கதையைத் தானே சொல்லும்.

எங்கள் வீட்டில் அந்தக் கதைகளுக்கு மூன்று பெயர் வைத்திருந்தோம். மழை, மணல், மாமியார். தென்னோலைக் கிடுகுக் கூரையில் விழும் தூறலைப் போல மெல்லிய சத்தம் கேட்டால் அது மழை, காருக்குப் போகலாம். கரகரவென்றால் மணல், வண்டிலுக்கோ கிணற்றுக் கப்பிக்கோ தான் சரி. சுற்று முழுக்க நல்ல பிள்ளையாகப் போய், ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல் முனகினால் அது மாமியார். இந்தக் கடைசிப் பெயரை வைத்தவள் உப்புவெளியில் இருந்த என் மச்சாள், என் மாமாவின் மகள். ஏன் வைத்தாள் என்பது பின்னால் வரும்.

எழுபதுகளின் முற்பகுதி அது. வெளிநாட்டுச் சாமான் வரத்து அடைபட்டிருந்த காலம். திருகோணமலைக் கடைத்தெருவில் போய்ப் பெயாரிங் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். "பெயாரிங்கோ அக்கா? பெயாரிங் வந்த பெட்டி இருக்கு. பெட்டியை வேணுமெண்டாக் கொண்டு போங்கோ" என்பார். கார்கள் மட்டும் ஓடத்தான் வேண்டியிருந்தது. துறைமுகத்தில் இயந்திரம் பூட்டும் பிற்றராக வேலை செய்த என் கணவர், வேலை முடிந்து வந்து, கராஜ்களின் பின்வளவில் கிடக்கும் உடைந்த கார்களிலிருந்து சில்லுக் குடங்களை, சக்கரத்தின் நடுப்பாகங்களை, கழற்றிக்கொண்டு வருவார். பித்தளைத் துண்டை வைத்துச் சுற்றிவரத் தட்டினால் உள்ளே இருக்கிற பெயாரிங் நோகாமல் வெளியே வரும். இரும்பை வைத்துத் தட்டினால் கீறிவிடும் என்பார். அதைச் சொல்ல அவர் செலவழித்த சொற்கள் அவருக்கு ஒரு வாரத்துக்குரியவை. மற்றப்படி அவர் வாயில் வருவது "சரிவரும்" ஒன்றுதான்.

கழுவுகிற வேலை முதலில் அவருடையதாகத்தான் இருந்தது. பெயாரிங்கின் முதல் எதிரி மணல். நாங்கள் இருந்ததோ பாலையூற்றில். கூட்டக் கூட்ட மணல் வரும் வளவு. அவர் முற்றத்தில் குந்தியிருந்து கழுவி, கடற்காற்றில் காய வைத்து, மணலையும் சேர்த்துக் கிறீஸ் பூசிவிடுவார். "நீங்கள் கழுவுறேல்லை, புட்டுக் குழைக்கிறியள்" என்று சொல்லி நான் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துதான் கிறீஸ் அடைப்பேன். உள்ளங்கையில் ஒரு கட்டி கிறீஸை வைத்து, பெயாரிங்கின் விளிம்பால் அதை அழுத்தி அழுத்தி வாங்கவேண்டும். குண்டுகளுக்கு இடையில் இருக்கிற இடைவெளியால் கிறீஸ் மறுபக்கம் இழை இழையாக வெளியே வரும். இடியப்பம் பிழிந்து பழகின கைக்கு அதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஒரே ஒரு வித்தியாசம், இந்த இடியப்பத்தைத் தின்ன ஏலாது.

அப்படித்தான் எங்கள் வீடு பெயாரிங் வீடு ஆனது. கார்க்காரர்கள் வந்தால் வேலையைவிடக் கதைதான் கூட. எனக்கும் அது பிடிக்கும். ஆட்கள் போகிற போக்கில் சொல்கிற சொல்லைப் பொறுக்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். மற்றவர்கள் முத்திரை சேர்ப்பது போல.

ஒரு செவ்வாய்க்கிழமை கார் வருவதற்கு முன்னமே அதன் சத்தம் எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் வந்துவிட்டது. ஊளை. நாய்கள் இரண்டு பதிலுக்கு ஊளையிட்டன. பிறகு, ஆமை போல முதுகு வளைந்த ஒரு சின்ன இங்கிலீசுக் கார் வந்து வேலிப் படலையடியில் நின்றது. இறங்கியவர் நானா. பட்டினத்துக் கார் நிறுத்துமிடத்தில் வாடகைக்கு ஓடுகிறவர். முஸ்லிம் ஆள்; நானா என்றால் அவர்களில் அண்ணன், எனக்கும் தமையன் மாதிரி. அந்தக் காருக்கு ஊரில் ஆமைக் கார் என்றுதான் பெயர்.

"தங்கச்சி, இந்தச் சில்லு ரெண்டு நாளா என்னோட கதைச்சிக்கிட்டு இரிக்கி. எனக்கு விளங்காத பாசையில" என்றார்.

என் கணவர் காரை உயர்த்தி, இடது முன்சில்லைக் கழற்றினார். குடத்துக்குள் இருக்கிற இரண்டு பெயாரிங்கில் உள்பக்கத்தது நன்றாக இருந்தது. வெளிப்பக்கத்தது அவருடைய கையில் துண்டு துண்டாக விழுந்தது. குண்டுகளைப் பிடித்து வைத்திருக்கும் கூடு நொருங்கி, ஒரு குண்டு சூட்டில் நீலம் பாரித்துக் கிடந்தது.

"இது முடிஞ்சுது, நானா" என்றேன்.

நானா கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் அப்படியே குந்திவிட்டார். "வெள்ளிக்கிழமை" என்றார். வெள்ளிக்கிழமை அவருடைய மகளுக்குக் கலியாணம் என்பது எங்களுக்கும் தெரியும். மாப்பிள்ளை இறக்கக்கண்டியிலிருந்து வருகிறார். பெண் வீட்டார் போய் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவதுதான் முறை. திருகோணமலைப் பட்டினத்தில் எந்தச் சாதி, எந்தச் சமயத்து மாப்பிள்ளையானாலும் ஆமைக் காரில் ஏறித்தான் மாப்பிள்ளை ஆனான் என்று சொல்லும் அளவுக்கு அந்தக் கார் பெயர் எடுத்திருந்தது.

"என்ட கார்ல ஏறின மாப்புள ஒருத்தனும் திரும்பி ஓடினதில்ல" என்று அவர் பெருமையடிப்பார்.

"கதவு உள்ளுக்கிருந்து திறக்காது, அதுதான்" என்று கார் நிறுத்துமிடத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அதுவும் உண்மைதான். பின்கதவின் உள்பிடி எப்போதோ உடைந்துபோய், வெளியே நின்றுதான் திறந்துவிட வேண்டும்.

நானா காரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சின்னதில இருந்து வெள்ளிக்கு வெள்ளி இந்தக் காரைக் கழுவுறவள் என்ட மவள்தான். சீலை இப்பிடி வேணும், நகை அப்பிடி வேணும் எண்டு அவள் வாய் திறந்ததில்ல. ஒண்டே ஒண்டுதான் சொன்னா. வாப்பா, என்ட மாப்புள நம்மட கார்லதான் வரணும். ஊரான் புள்ளைகளுக்கெல்லாம் ஓடிட்டு, அவளுக்கு மட்டும் அடுத்தவன்ட கார்ல போய் நிக்கிறதா, தங்கச்சி?"

அடுத்தவன் என்றது கறுப்புக் கார்க்காரரை. இவருடைய காருக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கும் பெரிய கறுப்புக் கார் அவருடையது. ஆமை இரண்டு நாளாக ஊளையிடுவதைக் கேட்டு அவர் தன் காரைத் தருகிறேன் என்று முன்வந்திருந்தார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே: "நானா, உங்கட ஆமை இறக்கக்கண்டிக்குப் போய்த் திரும்பி வாறதுக்குள்ள மாப்பிள்ளைக்கு நரைச்சுப் போகும். என்ர காரைக் கொண்டு போங்கோ, வெள்ளி காலமை வரைக்கும் காத்திருக்கிறன்." அதிலிருந்து நானா சோறும் சரியாகத் தின்னவில்லை என்று பிறகு அறிந்தேன்.

நான் பெயாரிங் போட்டு வைத்த எங்கள் தகரப் பேணிகளையெல்லாம் கொட்டித் தேடினேன். அளவில் ஒத்தது ஒன்றும் இல்லை. பருத்தது, சிறுத்தது, லொறியினுடையது, எதிலிருந்து வந்தது என்றே தெரியாதது எல்லாம் இருந்தன. என் கணவர் உடைந்த பெயாரிங்கைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே யோசித்தார். பிறகு சொன்னார்:

"உப்புவெளிக் கிணறு."

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த நாட்களில் எங்கள் ஊரில் செத்த காரென்று ஒன்று கிடையாது. ஓட ஏலாத கார் வேறு வேலைக்குப் போய்விடும். அதன் பெயாரிங்குகளில் சில மீன்காரரின் தள்ளுவண்டிலில் ஓடும், சில வள்ளத்தைக் கரைக்கு இழுக்கிற உருளையில் சுழலும், சில கிணற்றில் தண்ணீர் அள்ளும். நானாவின் காரைப் போலவே ஒரு கார் முன்னொரு மாரிக்குப் பாலத்தடியில் கவிழ்ந்து பிரித்தெடுக்கப்பட்டபோது, அதன் முன்சில்லுப் பெயாரிங்கில் ஒன்றைத்தான் என் கணவர் உப்புவெளியில் மச்சாள் வீட்டுக் கிணற்றுக் கப்பிக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். அப்போது நானாவின் சில்லுகள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. மச்சாளோ வந்து நின்று அழாத குறை.

அவளுடைய தொல்லை கப்பியின் கீச்சு. உப்புவெளி கடற்கரைப் பக்கம்; கிணற்றில் அளவுக்கு மிஞ்சி அள்ளினால் உவர் ஏறிவிடும். அவளுடைய மாமியாருக்கு அந்தப் பயம். மனிசி வீட்டுக்குள் கதிரையில் உட்கார்ந்தபடியே கப்பியின் கீச்சை எண்ணுவாவாம். "இவ்வளவு வாளியும் ஆருக்கு? கடலுக்கு ஊத்துறியோ?" என்று கேட்பாவாம். முழுகினாலும் கேள்வி, உடுப்புத் தோய்த்தாலும் கேள்வி. "அவவுக்கு நான் மருமகள் இல்லையடி, ஒரு கப்பி" என்பாள் மச்சாள். பெயாரிங் போட்ட பிறகு கப்பி வாயை மூடியது. மாமியாரும் வாயை மூடிவிட்டா. மச்சாள் அன்றிலிருந்து ஆசை தீரக் குளிக்கிறாள். சுற்றுக்கு ஒரு முனகல் முனகும் மூன்றாம் வகைப் பெயாரிங்குக்கு மாமியார் என்று அவள் பெயர் வைத்த கதை இதுதான்.

அவளிடம் போய் அதைக் கழற்றித் தா என்று கேட்க வேண்டும்.

அடுத்த நாள் காலை நானாவும் நானும் பஸ்ஸில் உப்புவெளிக்குப் போனோம். கணவர் வேலைக்குப் போகுமுன் நட்டுக் கழற்றும் சாவிகளைத் துணியில் சுற்றித் தந்திருந்தார். பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் நானாவைப் பார்த்து வாயைப் பிளந்தார். "என்ன நானா, நீங்களும் டிக்கட் எடுக்கிற காலம் வந்திட்டுதோ?"

"ஓம் தம்பி. பின்னால நிண்டு பாத்தாத்தான் தெரியுது, உங்கட டிரைவர் எவ்வளவு மோசமா ஓட்டுறார் எண்டு."

பஸ் முழுக்கச் சிரித்தது. நானா மட்டும் சிரிக்கவில்லை. யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மச்சாள் கிணற்றடியில் நின்று உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. என் கையில் இருந்த சாவிப் பொட்டலத்தைக் கண்டதும் சுருங்கியது.

"ஆரடி அது, வந்ததும் வராததுமாக் கப்பியை அண்ணாந்து பாக்கிறது? என்ர முகத்தைப் பாரடி."

விஷயத்தைச் சொன்னேன். அவள் சவர்க்கார நுரையோடு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள். "ஏலாது."

"மச்சாள், ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர ஆசை. வேற பெயாரிங் ஒண்டு கொண்டந்து போட்டுத் தாறன்."

"என்ன மாதிரி வேற?"

நான் பொய் சொல்லவில்லை. "கொஞ்சம் முனகும்."

"பாத்தியளே நானா, இவள் என்ர வீட்டுக்கு ரெண்டாவது மாமியாரைக் கொண்டு வரப்போறாள்!" உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு மச்சாள் நானாவிடம் திரும்பினாள். "உங்கட மருமகன் வெள்ளிக்கிழமை ஒரு நாள் காரில வருவார், இறங்கிப் போயிடுவார். என்ர மாமி ஒவ்வொரு நாளும் இருக்கிறா. எனக்கும் ஒரு ஞாயம் சொல்லுங்கோ."

நானாவுக்கு ஞாயம் தெரிந்தவர் என்று ஊரில் பெயர். "புள்ள சொல்றதும் சரிதான்" என்று என்னைப் பார்த்தார். "வா தங்கச்சி, போவம். கறுப்புக் கார்க்காரனட்டச் சொல்லுவம்." அந்தக் குரலைக் கேட்டு மச்சாளுக்கே ஒரு மாதிரிப் போய்விட்டது. ஆனாலும் அவள் கப்பிக்கு முன்னால் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

அப்போதுதான் அடுப்பு எரிந்த குசினி யன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஆர் அது பாலையூற்றாளோ? கூட வந்தது ஆம்பிளைக் காலடி. ஒரு செருப்பு வார் அறுந்த காலடி."

நானா குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். வார் அறுந்துதான் இருந்தது.

மாமியார் தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தா. கண் கொஞ்சம் மங்கல், காது கத்தி. "நான் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்" என்று மருமகளைப் பார்த்துச் சொன்னா. "நான் எண்ணுறன் எண்டுதானே உனக்குக் கோபம்? இப்பவும் நான் எண்ணுறனான்தான்."

மச்சாள் திகைத்தாள். "எதை மாமி எண்ணுறியள்? கப்பிதான் சத்தம் போடுறேல்லையே."

"தண்ணி ஊத்துற சத்தம் கேக்காதோ? உந்தக் கீச்சு நிண்டாப் பிறகுதான் எனக்கு அது வடிவாக் கேக்குது. நேற்று நீ முழுகினனீ. துணி அலசினது மூண்டு தண்ணி. நான் தப்போ?"

மச்சாளின் வாய் திறந்தபடி நின்றது. "பின்னை ஏன் மாமி ஒண்டும் கேக்கேல்லை?"

மாமியார் தடியால் மணலைக் கீறினா. இப்படிச் சொல்ல அவவுக்கு விருப்பமில்லை என்பது தெரிந்தது. "என்னத்தைக் கேக்கிறது? முந்தி வாளி இறங்கேக்கையும் கத்தும், ஏறேக்கையும் கத்தும். நான் ரெண்டையும் எண்ணிப்போட்டன். இவள் ஊத்துறது நான் நினைச்சதில அரைவாசிதான். அது கப்பி நிண்டாப் பிறகுதான் விளங்கினது."

மச்சாள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துத் தோய்க்கிற கல்லில் குந்திவிட்டாள். "அஞ்சு வருசமா என்னை இரட்டைத் தண்ணிக்கு ஏசினியளே மாமி!"

"அதுக்குத்தான் இப்ப ரெண்டு வருசமாச் சும்மா இருக்கிறன். கழிச்சுப் போடு." மாமியார் நானாவின் பக்கம் திரும்பினா. "நீர் கழட்டிக்கொண்டு போம், தம்பி. அந்தப் பிள்ளை ஆசைப்பட்டது நடக்கட்டும். இந்தக் கப்பி இனி எப்பிடிக் கத்தினாலும் ரெண்டு சத்தத்துக்கு ஒரு வாளி. கணக்கு எனக்குத் தெரியும்."

நானா ஏறிக் கழற்றினார். இறங்கும்போது கண் கலங்கியிருந்தது. கப்பியிலிருந்து தூசி விழுந்தது என்றார். விழுந்திருக்கும்.

வீட்டுக்குக் கொண்டு வந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மச்சாள் தன் தலைக்கு எண்ணெய் வைக்கிற வெள்ளிக்கிழமைகளில் கப்பிக்கும் ஒரு கை நல்லெண்ணெய் விட்டு வந்திருக்கிறாள். குழந்தைக்கு உச்சியில் வைப்பது போல. அந்த எண்ணெய் காய்ந்து பிசினாகி, குண்டுகளுக்கு நடுவே பலாப்பாலைப் போல ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதனால் ஒரு நன்மை, கறள் அண்டவில்லை. ஒரு பயமும் இருந்தது: இத்தனை நாளும் இது சத்தம் போடாமல் இருந்தது நல்ல பெயாரிங் என்பதாலா, வாயில் பிசின் ஒட்டியிருந்ததாலா? பிசின் போன பிறகுதான் தெரியும். நானாவிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் எங்கள் கதிரையில் இருக்க மாட்டாமல் எழும்பி நடந்துகொண்டிருந்தார்.

மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, பழைய பல்லுத் தூரிகையால் தேய்த்தேன். முதல் கழுவல் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. ஊற்றிவிட்டு மறுபடி ஊறவிட்டேன். வீடு முழுக்க மண்ணெண்ணெயும் நல்லெண்ணெயும் சேர்ந்து ஒரு வாசம்; விளக்குக் கடையில் எள்ளுருண்டை பிடிப்பது போல. கடைசியில் மண்ணெண்ணெய் தெளிவாகவே நின்றது. துணியில் காய வைத்து, எண்ணெய் விட்டு, விரலில் கொளுவிக்கொண்டேன். கணவரும் வேலையால் வந்துவிட்டார். நானா நடப்பதை நிறுத்தினார்.

மெல்லச் சுற்றினேன். தூறல். தூரத்தில், கிடுகுக் கூரையில், நிதானமாகப் பெய்கிற தூறல். முனகல் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சுற்றினேன். வரவில்லை. கணவரிடம் நீட்டினேன். அவரும் கேட்டார். "சரிவரும்" என்றார்.

நானா வாங்கித் தன் காதில் வைத்தார். முகம் வாடிப்போனது. "எனக்கு ஒண்டும் கேக்கல்லியே, தங்கச்சி."

"அதுதான் நானா வேணும்!"

நல்ல புதுக் கிறீஸ் எங்களிடம் ஒரு பால்மாப் பேணியின் அடியில் கொஞ்சம் இருந்தது. மணல் அண்டாமல் மூடியைத் துணியால் கட்டி வைத்திருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு இருந்து, இழை இழையாக மறுபக்கம் வரும்வரைக்கும் அடைத்தேன். கணவர் எந்தப் பக்கம் பாரம் தாங்குகிற பக்கம் என்று விளிம்பைப் பார்த்து, அதை உள்முகமாக வைத்துப் பூட்டினார். அந்தப் பக்கம் மாறினால் எவ்வளவு நல்ல பெயாரிங்கும் ஒரு பயணத்தில் போய்விடும்.

வியாழக்கிழமை பின்னேரம் கார் உப்புவெளிக்குப் போனது. ஓட்டம் பார்க்கவும், மச்சாளின் கப்பிக்கு வேறு பெயாரிங் போடவும். கார் நின்றதும் மாமியார் தடியோடு வந்து, ஒருவரும் கூப்பிடாமலே முன் இருக்கையில் ஏறி இருந்தா. "நிலாவெளிப் பக்கம் விடும், தம்பி. நான் கேட்டுச் சொல்லுறன்."

மச்சாளும் நானும் பின்னால். வழி முழுக்க மாமியார் தலையைச் சரித்து வைத்துக்கொண்டு வந்தா. பாதி வழியில் கையைத் தூக்கினா. நானா பயந்து காரை நிறுத்தினார்.

"முன்சில்லு நல்லா இருக்கு. பின்னால, வலப்பக்கம், என்னவோ ஒண்டு உருளுது."

நானா இறங்கிப் போய், பின்சில்லின் மூடித் தகட்டைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு நட்டு விழுந்தது. எப்போதோ, எந்தக் கராஜிலோ விட்டுப்போனது. "இது இந்தக் காரின்ட குணம் எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சன்" என்றார் நானா.

திரும்பி வந்ததும் மாமியார் என் கையில் இருந்த கப்பிக்கான பெயாரிங்கை வாங்கிக் காதில் வைத்துச் சுற்றினா. "காருக்குப் போட்டது என்ன சாதி?"

"அது மழை, மாமி."

"மற்றது?"

"மணல் எண்டும் ஒண்டு இருக்கு."

"இது ரெண்டும் இல்லையே. ஒரே இடத்தில நிண்டு முனகுது. இதுக்கு என்ன பேர்?"

நான் மச்சாளைப் பார்த்தேன். மச்சாள் வானத்தைப் பார்த்தாள். நானாவுக்குக் கதை தெரியாது; "சொல்லன் தங்கச்சி, நானும் தெரிஞ்சுகொள்ளுறன்" என்றார். கடைசியில் மாமியாரே எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெயாரிங்கை மருமகளின் கையில் வைத்தா. "நல்ல பேராத்தான் வைச்சிருப்பியள்" என்றா. அவ சிரித்ததை நான் அன்றைக்குத்தான் முதல் தடவை கண்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாங்கள் எல்லோரும் நானாவின் வீட்டு வாசலில் நின்றோம். துறைமுகத்துக்குப் போகிற தெருவிலிருந்து உள்ளே பிரியும் ஒழுங்கை அது. பொரித்த இறைச்சி வாசமும் பன்னீர் வாசமும் கலந்து வந்தன. எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்க்க நின்றார்கள். நான் சில்லைப் பார்க்க நின்றேன். இறக்கக்கண்டி கிட்டவா? போக வர அவ்வளவு தூரம், வெயில், ஆள் பாரம். பெயாரிங் சூடேறினால் முதலில் மணக்கும், பிறகு ஊளையிடும்.

ஊளை ஒன்றும் வரவில்லை. ஆமைக் கார் மாலைகளோடு ஒழுங்கைக்குள் திரும்பி, ஒரு பேச்சுமில்லாமல் வந்து நின்றது. அதற்குப் பின்னால், நடை வேகத்தில், கறுப்புக் கார் வெறுமையாக வந்தது. ஆமை வழியில் படுத்தால் மாப்பிள்ளையை ஏற்றிக்கொள்ள என்று அதன் சொந்தக்காரர் போக வர முழுத் தூரமும் கூடவே வந்திருக்கிறார்.

மாப்பிள்ளை வந்து இறங்கியதும் பெண்ணின் தம்பி காலுக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவி உள்ளே கூட்டிப் போவது வழக்கம். அந்த இளைஞன் செம்பும் தட்டமுமாக ஆயத்தமாக நின்றான். நானா காரை நிறுத்தி இறங்கினார். சுற்றி வந்து மாப்பிள்ளைக்குக் கதவைத் திறப்பார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, இடுப்பில் புது வெள்ளைச் சாரமும் மேலே சேட்டுமாக மனுசன் நேரே இடது முன்சில்லுக்கு முன்னால் போய்க் குந்தினார். உள்ளங்கையைச் சில்லின் நடுவில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

தகப்பன் குந்தியிருந்த இடத்தைக் கண்ட மகன், பதற்றத்தில், அங்கேதான் கால் கழுவுவது என்று நினைத்துவிட்டான் போலும். ஓடிப் போய், நானாவின் கையையும் சேர்த்துச் சில்லின் மேல் செம்புத் தண்ணீரை ஊற்றினான்.

என் காது அந்த இடத்தில் இருந்தது. சூடேறின சில்லில் தண்ணீர் பட்டால் சுர்ரென்னும். ஆவி எழும்பும். தண்ணீர் வழிந்து மணலில் இறங்கியது. சுர் இல்லை. ஆவி இல்லை. பக்கத்தில் நின்ற என் கணவர் மெல்ல மூச்சு விட்டார்.

"பச்சைத் தண்ணியா இரிக்கி!" என்று நானா எழும்பி நின்று கூவினார்.

கறுப்புக் கார்க்காரர் தன் காரிலிருந்து தலையை வெளியே நீட்டினார். "நானா! சில்லு குளிர்ந்திட்டுது, சந்தோசம். மாப்பிள்ளை உள்ளுக்க வேகிறார், அவரையும் கொஞ்சம் திறந்து விடுங்கோ!"

அப்போதுதான் எல்லோரும் காரைப் பார்த்தார்கள். மாலைக்குள் முகம் தெரியாமல் மாப்பிள்ளை, திறக்காத கதவின் பிடி இருந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். ஒழுங்கை முழுக்க எழுந்த சிரிப்பில், வீட்டு யன்னலின் திரைக்குப் பின்னாலிருந்தும் வளையல் சத்தத்தோடு ஒரு சிரிப்பு வந்தது. தன் கார் வந்து நின்றதை அந்தப் பிள்ளை பார்த்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போனபோது வாசலில் கார் கழுவல் நடந்துகொண்டிருந்தது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கழுவியவர் புது மாப்பிள்ளை. மகள் படியில் கதிரை போட்டு இருந்து இடம் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி வந்து கையைப் பிடித்தாள். திரும்பி அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"அந்தச் சில்லுக்குப் பயப்படாம ஊத்துங்க. அது கிணத்தடியில வளர்ந்தது."